குவிமாடத்துக்கு அப்பால்: சென்னை அண்ணா சாலை மக்கா மஸ்ஜிதை முன்வைத்துச் சமகாலப் பள்ளிவாசல் கட்டடக்கலை குறித்த ஒரு விமரிசன நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

தமிழகப் பள்ளிவாசல்களின் கட்டடக்கலை குறித்த ஆய்வுகள் பெரிதும் கல்மண்டபக் காலத்தோடு நின்றுவிடுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் கான்கிரீட்டில் எழுந்த பலமாடிப் பள்ளிவாசல்கள் கலைவரலாற்றின் கவனத்துக்கு வரவில்லை. வந்தாலும், குவிமாடம், மினாரா ஆகிய புறத்தோற்றக் கூறுகளைக் கொண்டே அவை மதிப்பிடப்படுகின்றன. சென்னை அண்ணா சாலையிலுள்ள மக்கா மஸ்ஜிதை மையமாகக் கொண்டும், திருவல்லிக்கேணி வாலாஜா பெரிய பள்ளிவாசலை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டும், இத்தகைய கட்டடங்களைத் திசை, தளம், நீர், கல்வி, பெண்களுக்கான இடம் ஆகியவற்றின் வழியே வாசிக்க இக்கட்டுரை முயல்கிறது. ஒரு தளம் ‘மஸ்ஜித்’ என்று வரையறுக்கப்படுகிறதா, அதன் இணைப்பு என்று வரையறுக்கப்படுகிறதா என்பதே அதனுள் யார் அமரலாம் என்பதைத் தீர்மானிக்கிறது என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: பள்ளிவாசல், மக்கா மஸ்ஜித், வாலாஜா பள்ளிவாசல், கிப்லா, வக்ஃப், ஜமாஅத், தைக்கா, இந்தோ-சாரசனிக் பாணி.

1. முன்னுரை

தமிழ் முஸ்லிம்கள் தம் தொழுகையிடத்தைப் ‘பள்ளிவாசல்’ என்றும் சுருக்கமாகப் ‘பள்ளி’ என்றும் வழங்குவர். சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தையும் கற்பிக்கும் இடத்தையும் குறித்துவந்த சொல் இது. இன்றைய பேச்சுவழக்கில் பள்ளிக்கூடத்தையும் இதே சொல் குறிக்கிறது. உருது பேசுவோர் ‘மஸ்ஜித்’ என்பர். அரபியில் அதன் பொருள் சிரம் பணியுமிடம். ஒரே கட்டடத்துக்குரிய இவ்விரு பெயர்களும் இரு வேறு கட்டடத் திட்டங்களை உள்ளடக்கியவை எனலாம். முதலாவது கற்றலையும் தங்குதலையும் உட்கொண்டது. இரண்டாவது ஒரே ஒரு செயலை முன்னிறுத்துவது. அண்ணா சாலையில் நிற்கும் பலமாடிக் கட்டடம் மக்கா மஸ்ஜித் என்ற பெயர் தாங்கியிருந்தாலும், அதனுள் நடப்பவற்றை நோக்கினால் ‘பள்ளி’ என்ற சொல்லின் பழைய விரிவே அங்குச் செயல்படுகிறது.

இத்துறையின் முன்னாய்வுகளில் இரண்டு இன்றியமையாதவை. மெஹர்தாத் ஷொகூஹி 2003-இல் வெளியிட்ட நூல், மாபார் சுல்தானகத்தின் கட்டடங்களையும், மலபார், சோழமண்டலக் கரைகளில் குடியேறிய கடல்வணிகச் சமூகங்களின் பள்ளிவாசல்களையும் அளவெடுத்து வரைபடங்களுடன் பதிவுசெய்தது. ஜெ. ராஜா முகமது தமிழ்நாட்டு இஸ்லாமியக் கட்டடக்கலை குறித்து எழுதிய நூல், திராவிடக் கல்மண்டப மரபு பள்ளிவாசலுக்குள் உருமாறிய விதத்தை விளக்கியது. இருவரும் தத்தம் எல்லைக்குள் செய்த பணி பெரிது. ஆயினும், இவர்களைத் தொடர்ந்து வந்த ஆய்வேடுகளில் ஒரு பழக்கம் படிந்துவிட்டது. கீழக்கரையின் கல்தூண் என்றால் அது ‘கலை’. சென்னையின் கான்கிரீட் தளம் என்றால் அது வெறும் ‘கட்டுமானம்’. இப்பிரிப்பை ஏற்பதற்கில்லை. இன்றைய நகர முஸ்லிம் தொழுவதும் படிப்பதும் வழக்குத் தீர்ப்பதும் அந்தக் கான்கிரீட் தளத்தில்தான்.

2. குவிமாடம் யாருடையது?

கீழக்கரை, காயல்பட்டினம் ஆகிய கடற்கரை ஊர்களின் பழைய பள்ளிவாசல்களில் குவிமாடம் முதன்மைக் கூறு அன்று. தட்டையான கற்கூரை, வரிசைத் தூண்கள், போதிகைகள், உருவங்கள் தவிர்த்த பூவேலை ஆகியவையே அவற்றின் இலக்கணம். கோயில் மண்டபம் கட்டிய கைகளுக்குப் பழகிய அதே தொழில்நுட்பம், கருவறை இல்லாத, கிப்லாச் சுவரை நோக்கி விரியும் ஒரு கூடத்துக்குப் பயன்பட்டது. ஆகவே குவிமாடம் இல்லாத பள்ளிவாசல் நவீனத்துவத்தின் கண்டுபிடிப்பு எனத் தமிழ்ச்சூழலில் சொல்ல இயலாது.

சென்னையின் கதை வேறு. ஆற்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவின் குடும்பத்தார் 1795-இல் திருவல்லிக்கேணியில் எழுப்பிய பெரிய பள்ளிவாசல், கருங்கல்லால், மரமும் இரும்பும் கலவாமல் கட்டப்பட்டது எனப் பெயர்பெற்றது. முன்னால் பரந்த திறந்தவெளி, நீர்த்தொட்டி, அகன்ற படிகள், உயர்ந்த கூடம், இருபுறமும் மெலிந்த மினாராக்கள் என அமைந்த அதன் திட்டத்தில் வட இந்திய, தக்காண அரசவை மரபின் சாயல் தெளிவு. அதில் பொறிக்கப்பட்ட பாரசீகக் காலக்குறிப்புச் செய்யுளை இயற்றியவர் நவாபின் அவையைச் சேர்ந்த இந்துவான ராஜா மக்கன் லால். ஒரு பள்ளிவாசலின் கட்டப்பட்ட ஆண்டைக் கல்லில் சொல்லும் பொறுப்பு பிற சமயத்தவர் ஒருவரிடம் தரப்பட்டது என்ற செய்தியை அக்கால அவைப்பண்பாட்டின் இயல்பாகவே கொள்ளவேண்டும். இன்றைய நல்லிணக்கச் சொல்லாடலை அதன்மேல் ஏற்றிக் காண்பது காலவழு.

பின்னர் நிகழ்ந்ததுதான் வியப்புக்குரியது. சேப்பாக்கம் அரண்மனை ஆங்கில அரசின் கைக்குப் போனபின், ராபர்ட் சிஷோம், ஹென்றி இர்வின் முதலான கட்டடக்கலைஞர்கள் குவிமாடத்தையும் மினாரா வடிவக் கோபுரத்தையும் எடுத்துப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்துக்கும் 1892-இல் திறக்கப்பட்ட உயர்நீதிமன்றத்துக்கும் சூட்டினர். இந்தோ-சாரசனிக் எனப்பட்ட இப்பாணியின் விளைவாக, சென்னைவாசியின் கண்ணுக்குக் குவிமாடம் என்றால் நீதிமன்றம், பல்கலைக்கழகம் என்ற அரச அதிகாரத்தின் நினைவே முதலில் எழும் நிலை உண்டாயிற்று. உயர்நீதிமன்றத்தின் உச்சிக் கோபுரம் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கமாகவும் பயன்பட்டது. ‘மினாரா’ என்ற அரபுச் சொல்லின் வேரில் ஒளியிடம் என்ற பொருள் இருப்பதை நினைத்தால், அச்சொல்லின் மூலப்பொருள் இந்நகரில் நிறைவேறியது ஒரு நீதிமன்றக் கட்டடத்தின்மீது என்பது வரலாற்றின் சிறு குறும்பு.

எனவே இன்று ஒரு பலமாடிப் பள்ளிவாசலின் உச்சியில் குவிமாடம் வைக்கப்படும்போது, அது தமிழ் மரபின் தொடர்ச்சி என்றோ, வளைகுடா நாடுகளின் நகல் என்று மட்டுமோ கூறிவிட முடியாது. பெருநகரின் உயர்கட்டடங்களுக்கிடையே தன்னை அடையாளம் காட்டிக்கொள்ள ஒரு சமூகம் தேர்ந்துகொண்ட பெயர்ப்பலகை அது. பெயர்ப்பலகையைக் கொண்டு ஒரு கடையின் சரக்கை மதிப்பிடுவதில்லை. பள்ளிவாசலுக்கு மட்டும் அவ்வாறு செய்துவருகிறோம்.

3. மனை, திசை, தளம்

மக்கா மஸ்ஜித் நிற்கும் அண்ணா சாலைப் பகுதி சென்னையின் வணிக முதுகெலும்பு. 1959-இல் திறக்கப்பட்ட எல்.ஐ.சி. கட்டடம் இச்சாலைக்கு உயரத்தை அறிமுகப்படுத்தியது. அருகில் பழைய தர்கா. வெள்ளி நண்பகலில் அலுவலகங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் ஒரே நேரத்தில் திரளும் கூட்டத்தை ஒரு மணி நேரத்துக்குள் உள்வாங்கி வெளியேற்ற வேண்டிய கட்டாயமே இக்கட்டடத்தின் முதல் வடிவக் காரணி.

இதை எண்களில் பார்ப்பது பயன் தரும். தொழும் ஒருவருக்குத் தோராயமாக 60 செ.மீ. அகலமும் 120 செ.மீ. நீளமும் வேண்டும். அதாவது 0.72 சதுர மீட்டர். ஆயிரம் பேருக்கு 720 சதுர மீட்டர். தூண், சுவர், படி, நடைபாதை எதையும் சேர்க்காமலே இது மூன்று கிரவுண்டுக்கும் சற்று அதிகம். அண்ணா சாலையின் நில மதிப்பில் இதைத் தரைமட்டத்தில் விரிப்பது எந்த ஜமாஅத்துக்கும் இயலாதது. வாலாஜா பள்ளிவாசல் பக்கவாட்டில் விரிந்தது. மக்கா மஸ்ஜித் மேல்நோக்கி அடுக்கப்பட்டது. இருநூறாண்டு இடைவெளியை இந்த ஒரு வேறுபாட்டில் அளந்துவிடலாம்: முன்னதற்கு நிலம் கொடையாக வந்தது, பின்னதற்கு நிலமே பெருஞ்செலவு.

அடுத்தது திசை. சென்னையிலிருந்து கிப்லா நேர்மேற்கு அன்று. மேற்கிலிருந்து வடக்கு நோக்கி ஏறத்தாழ 18 பாகை சாய்ந்தது. அண்ணா சாலையோ வடகிழக்கிலிருந்து தென்மேற்காக ஓடுகிறது. ஆகவே சாலையை ஒட்டிய மனையின் எல்லைக்கோடும் தொழுகை வரிசையின் கோடும் தாமாகப் பொருந்துவதில்லை. சாலைக்கு இணங்கினால் உள்ளே வரிசைகள் மூலைவெட்டாக விழுந்து, சுவரோரங்களில் முக்கோண இடங்கள் வீணாகும். கிப்லாவுக்கு இணங்கினால் கட்டடம் சாலையிலிருந்து திரும்பி நிற்கும். பெருநகரப் பள்ளிவாசல் எதுவாயினும் அதன் கட்டடக்கலைஞர் முதலில் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே. குவிமாடத்தின் வளைவு அவரது இரண்டாம் நாள் கவலை. நம் கட்டடக்கலை விமரிசனத்தில் இக்கோணம் பேசப்படாமலிருப்பது, புறத்தோற்றப் புகைப்படத்திலிருந்து எழுதும் பழக்கத்தின் விளைவு எனக் கருதுகிறேன்.

மூன்றாவது, அடுக்குமுறை எழுப்பும் சமயச் சிக்கல். கூட்டுத்தொழுகை என்பது ஓர் இமாமைப் பின்பற்றி ஒரே இயக்கமாக நிகழ்வது. வரிசைகள் தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்பதும், இமாமின் அசைவு பின்னிற்போருக்குத் தெரியவேண்டும் என்பதும் சட்டநூல்களின் எதிர்பார்ப்பு. மேல்தளத்தில் நிற்பவருக்கும் கீழ்த்தளத்து மிஹ்ராபுக்கும் என்ன தொடர்பு? தளத்தின் நடுவே திறப்பு விட்டுக் கண்ணால் இணைப்பது ஒரு விடை. ஒலிபெருக்கியால் காதால் இணைப்பது மற்றொன்று. முதலாவது விலையுயர்ந்த பரப்பை இழக்கச் செய்யும். இரண்டாவது, மின்சாரத்தை வழிபாட்டின் ஓர் உறுப்பாக்கிவிடும். கட்டட விமரிசனம் அக்கறை கொள்ளவேண்டிய உண்மையான அழகியல் கேள்வி இங்கேதான் இருக்கிறது. ஒரு திறப்பின் வழியே கீழேயுள்ள நூற்றுக்கணக்கான தலைகள் ஒருசேரத் தாழ்வதைக் காணும் அனுபவத்தை எந்த ஒலிபெருக்கியும் ஈடுசெய்யாது.

நீரைப் பற்றியும் சொல்லவேண்டும். வாலாஜா பள்ளிவாசலின் தொட்டியைச் சுற்றி அமர்ந்து ஒளூச் செய்பவர் முகம் பார்த்துப் பேசிக்கொள்ள முடியும். பலமாடிக் கட்டடத்தில் ஹவுள் சுருங்கிக் குழாய் வரிசையாகிறது. மனிதர் சுவரைப் பார்த்து அமர்கிறார். இட நெருக்கடியில் இது தவிர்க்கமுடியாததாக இருக்கலாம். ஆனால் தண்ணீர்ப் பஞ்சத்தை 2019-இல் கடுமையாகச் சந்தித்த நகரில், திறந்த குழாயைவிட ஹவுளே சிக்கனமானது என்பதும் எண்ணத்தக்கது.

இடம் குறைந்த நகரங்கள் பிறவும் இதே கேள்விகளுக்கு வேறு விடைகள் கண்டிருக்கின்றன. டாக்காவில் மரினா தபஸ்ஸும் வடிவமைத்து 2012-இல் முடிந்த பைத்துர் ரவூஃப் பள்ளிவாசலில் குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. செங்கல்லும் ஒளியும் காற்றும் மட்டுமே. மனையின் கோணத்துக்கும் கிப்லாவின் கோணத்துக்கும் இடையிலான முரணை மறைக்காமல், ஒன்றுக்குள் ஒன்றாகத் திருப்பிவைத்த வடிவங்களால் அவர் அதையே கட்டடத்தின் கருவாக்கினார். 2016-இல் ஆகா கான் விருது பெற்ற அக்கட்டடத்திலிருந்து சென்னை கற்கவேண்டியது தோற்றத்தையன்று, இந்த நேர்மையை. சிங்கப்பூரில் 1975-இல் தொடங்கிய பள்ளிவாசல் கட்டட நிதிக்கு உழைக்கும் முஸ்லிம்கள் மாதந்தோறும் தம் ஊதியத்திலிருந்து சிறு தொகை தருகின்றனர். அந்நிதியில் எழுந்த பள்ளிவாசல்கள் தொடக்கத்திலிருந்தே வகுப்பறைகளையும் கூட்ட அரங்குகளையும் சேர்த்தே திட்டமிடப்பட்டன. இங்கோ, கொடை கிடைக்கும்போது ஒரு தளம், பின்னர் ஒரு தளம் என்று கட்டடம் வளர்வதே வழக்கம். திட்டம் நிதியைத் தீர்மானிப்பதும் நிதி திட்டத்தைத் தீர்மானிப்பதும் ஒன்றல்ல.

4. பள்ளிவாசலுக்குள் பள்ளிக்கூடம்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சென்னை முஸ்லிம் சமூகம் தொழுகையையும் நவீனக் கல்வியையும் வெவ்வேறு வளாகங்களில் வைத்தது. இராயப்பேட்டையில் 1951-இல் புதுக்கல்லூரி எழுந்தது. நீதிபதி பஷீர் அகமது சயீது முன்னின்று தேனாம்பேட்டையில் 1955-இல் பெண்களுக்கான கல்லூரியை நிறுவினார். தியாகராய நகர் பசுல்லா சாலையில் ஆதரவற்ற சிறாருக்கான அஞ்சுமன் இல்லம் இயங்குகிறது. அறக்கட்டளைகள் கல்வி, காப்பகப் பணிகளை மேற்கொள்ள, பள்ளிவாசல் ஐவேளைத் தொழுகைக்கும் குர்ஆன் மதரசாவுக்கும் என்று ஒதுங்கியது. இது திட்டமிட்ட கொள்கை என்பதைவிட, மக்கள் மன்றத்தில் செயல்பட்ட படித்த தலைமைக்கும் உலமாக்களுக்கும் இடையே தானாக அமைந்த வேலைப்பிரிவினை எனலாம்.

மக்கா மஸ்ஜித் அந்தப் பிரிவினையை மீறியது. குடிமைப் பணித் தேர்வுகளுக்குக் கட்டணமின்றிப் பயிற்சியளிக்கும் ‘அழகிய கடன்’ என்ற பயிற்சியகம் இப்பள்ளிவாசலின் முயற்சி. பெயர் கூர்ந்து நோக்கத்தக்கது. குர்ஆனில் அல்பகரா 245-ஆம் வசனம் முதலான இடங்களில் வரும் ‘கர்ளன் ஹஸனா’ என்ற தொடரின் தமிழாக்கம் அது. வட்டியின்றி, இறைவனுக்காகத் தரும் கடன் என்பது அதன் மரபுப்பொருள். பொருளாதாரச் சொல் ஒன்று இங்கே கல்விச் சொல்லாக இடம்பெயர்ந்திருக்கிறது. கடன் பெறுபவர் மாணவர். திருப்பித் தரவேண்டியது பணமன்று, பொதுப்பணி. அரபுத் தொடரை அப்படியே வைத்திருந்தால் இப்பொருள் உள்வட்டத்தோடு நின்றிருக்கும். தமிழாக்கியதால் அண்ணா சாலையில் நடந்துபோகும் எவருக்கும் அது விளங்குகிறது. வெள்ளியுரையைத் தமிழில் நிகழ்த்தும் பள்ளிவாசலுக்கு இது பொருத்தமானதே.

இலக்கிய மாணவர்கள் இவ்விடத்தில் தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யை நினைவுகூரலாம். அந்நாவலில் ஊர்ப்பெரியவரான முதலாளியின் அதிகாரம் பள்ளிவாசலோடு பிணைந்தது. ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஊருக்குள் வருவது அவ்வதிகாரத்துக்கு எதிரான நிகழ்வு. பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும் எதிரெதிர்த் துருவங்களாக நின்ற அந்தப் புனைவுலகத்திலிருந்து, பள்ளிவாசலே இந்திய ஆட்சிப்பணித் தேர்வுக்கு ஆள் தயாரிக்கும் இடமாக மாறியிருக்கும் தொலைவைக் கட்டடக்கலையாலும் அளக்கமுடியும்.

கட்டடத்தின் பொதுப்பயனுக்கு வேறு சான்றுகளும் உண்டு. ரமலானில் நோன்புக்கஞ்சி காய்ச்சும் அடுப்படி, தமிழகப் பள்ளிவாசலின் ஓர் உறுப்பு. எந்த இஸ்லாமியக் கட்டடக்கலைக் கையேட்டிலும் இவ்வுறுப்புக்குப் பெயர் இல்லை. வாலாஜா பள்ளிவாசலில் பல்லாண்டுகளாக நோன்பு திறப்போருக்கு மயிலாப்பூரின் சூஃபிதார் அமைப்பைச் சேர்ந்த சிந்தி இந்துத் தொண்டர்கள் உணவு பரிமாறிவருகின்றனர். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையின் பள்ளிவாசல்கள் பல சமய வேறுபாடின்றி மக்களுக்குத் தங்குமிடமாயின. இருக்கைகளோ நிலையான தளவாடங்களோ இல்லாத கூடம், கழிப்பறை, நிறைய நீர்க்குழாய், பெரிய பாத்திரங்கள் கொண்ட சமையலிடம் ஆகியவை ஒருங்கே அமைந்த கட்டடம் நகரில் வேறெத்தனை உண்டு? கருணை அன்று உடனடியாகச் செயலானதற்கு இத்தளவமைப்பும் ஒரு காரணம்.

5. ‘சமூகம்’ என்பது யார்?

இத்தகைய கட்டடங்களைச் ‘சமூக மையம்’ எனப் போற்றும் கட்டுரைகள், சமூகத்தில் பாதியான பெண்களைப் பற்றி ஒரு வரியில் முடித்துக்கொள்கின்றன. இவ்விடத்தில் விமரிசனம் தயங்கக்கூடாது.

தமிழ் முஸ்லிம் மரபில் பெண்களின் தொழுகையிடம் முற்றிலும் இல்லாதிருந்ததன்று. காயல்பட்டினம் முதலிய ஊர்களில் பெண்களுக்கென்றே தைக்காக்கள் உள்ளன. அவற்றில் பெண்கள் கூடித் தொழவும் ஓதவும் செய்கின்றனர். அக்கட்டடங்கள் சிறியவை, வீடுகளுக்கு நடுவே சந்துகளில் அமைந்தவை. கலைவரலாற்றின் கண்ணில் படாதவை. கடற்கரை ஊரில் தெருவுக்குள் இருந்த இந்த வலைப்பின்னலை, வேலைக்கும் படிப்புக்கும் வெளியே செல்லும் பெருநகரப் பெண்ணுக்கு எதுவும் பதிலீடு செய்யவில்லை. அண்ணா சாலையிலோ தியாகராய நகர்க் கடைவீதியிலோ பணியாற்றும் பெண் லுஹர் தொழ எங்கே செல்வது என்பது கட்டடக்கலைக் கேள்வியே.

ஜமாஅத்தின் விசாரணைகள் இக்கேள்வியை மேலும் கூர்மையாக்குகின்றன. மணமுறிவு, சீதனம், பராமரிப்பு தொடர்பான குடும்ப வழக்குகள் பல ஊர்களில் பள்ளிவாசல் வளாகத்திலேயே ஆண்களால் விசாரிக்கப்படுகின்றன. எந்தப் பெண்ணின் வாழ்வு பேசப்படுகிறதோ அவர் அந்த அறைக்குள் அமர இயலாத நிலையை எதிர்த்தே புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் பெண்கள் ஜமாஅத்தைத் தொடங்கினார். தீபா தன்ராஜின் 2011-ஆம் ஆண்டு ஆவணப்படம் அதன் அமர்வுகளைப் பதிவுசெய்துள்ளது. பெண்களுக்கெனத் தனிப் பள்ளிவாசல் கட்டும் முயற்சியிலும் அவர் இறங்கினார். அதன் பொருட்டு எழுந்த விவாதத்தில் இறையியல் வாதங்களே அதிகம் பேசப்பட்டன. ஆனால் அவர் கேட்டது அடிப்படையில் ஓர் அறை, ஒரு கதவு, அமர ஓரிடம்.

இனிச் சட்டநூல்களுக்கு வருவோம். ஹனஃபி மரபில் ஓரிடம் மஸ்ஜிதாக வக்ஃப் செய்யப்பட்டால், அதன்மேல் வானம் வரை அது மஸ்ஜிதே. ஆயினும் கட்டும்போதே பள்ளிவாசலின் நலனுக்காக ஒரு பகுதி தனியே ஒதுக்கப்பட்டிருந்தால் அது இவ்விதியிலிருந்து விலகி நிற்கும். மாதவிடாய்க் காலத்தில் பெண்கள் மஸ்ஜிதினுள் தங்கலாகாது என்பதும் மரபான நிலைப்பாடு. இவ்விரு விதிகளையும் ஒரு பலமாடிக் கட்டடத்தின் வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கவேண்டும். நான்காம் தளத்தில் ஒரு நூலகமோ வகுப்பறையோ ஆலோசனை அறையோ அமைகிறது எனக் கொள்வோம். வக்ஃப் பத்திரத்தில் அத்தளம் மஸ்ஜித் எனப் பொதுவாக எழுதப்பட்டிருந்தால், மரபைப் பேணும் மாணவி மாதத்தில் சில நாள் வகுப்புக்கு வர இயலாது. நோயோ மழையோ அவரைத் தடுக்காதபோது ஒரு சொல் தடுக்கும். அதே தளம் தொடக்கத்திலேயே இணைப்புப் பகுதி என வரையறுக்கப்பட்டிருந்தால் இத்தடை எழாது. செங்கல், சிமெண்டு, படிக்கட்டு எதிலும் மாற்றமில்லை. பத்திரத்தின் ஒரு வரியில் மட்டுமே வேறுபாடு.

கட்டடக்கலைஞரிடம் கொடுக்கப்படும் தேவைப்பட்டியலை எழுதும்போதே இந்த வரியையும் எழுதவேண்டும். கட்டிமுடித்தபின் எழுதினால் ஹனஃபி மரபில் அது செல்லாது. பெண்களுக்கு இடமளிக்கும் பள்ளிவாசல்களில்கூட அவர்களுக்கான படிக்கட்டு பின்புறச் சந்தில், காலணி வைக்க இடமின்றி, ஒளூக் குழாய்கள் வேறொரு தளத்தில் என அமைவதுண்டு. பின்னர் சேர்க்கப்பட்ட இடம் என்பதற்கு அதுவே சான்று. ஆகவே மக்கா மஸ்ஜித் உள்ளிட்ட சென்னைப் பலமாடிப் பள்ளிவாசல்களை ஆராயப்புகுவோர் முகப்பைப் படமெடுக்குமுன் மூன்று ஆவணங்களைத் தேடவேண்டும்: வக்ஃப் பத்திரம், ஒவ்வொரு தளத்துக்குமான ஒப்புதல் பெற்ற வரைபடம், படிக்கட்டுகள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்ற குறிப்பு. இவற்றுள் கடைசி ஆவணத்தை எந்த அலுவலகமும் வைத்திருப்பதில்லை. ஆய்வாளர் ஏறி இறங்கித்தான் அதை எழுதவேண்டும். அதிலும் பாதிப் படிக்கட்டுகளில் ஓர் ஆண் ஆய்வாளரும் மறுபாதியில் ஒரு பெண் ஆய்வாளரும்.